காணொளியின் கால அளவு மாறுவது ஏன்?

(ஊராட்சிப் பணியாளர் பயிற்சி முகாமொன்றில் ஆற்றிய உரை)



கிராம சபைக் கூட்டங்களையும் உழவர் பயிற்சி வகுப்புகளையும் கைப்பேசியில் படம் பிடித்து வைக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அவற்றைக் கணினியில் ஏற்றி வேறு வடிவத்திற்கு மாற்றும்பொழுது, கால அளவு குறைந்தோ கூடியோ நிற்பதுண்டு. உடனே, "குறைந்த நிமிடங்கள் எங்கே போயின? எவரேனும் வெட்டிவிட்டனரா?" என்ற ஐயம் எழுகிறது. இவ்வையம் அற்பமானதன்று. குடிநீர்க் குழாய் வேண்டுமென்று ஒரு தாய் சபையில் எழுந்து கூறிய சொற்கள் அந்நிமிடங்களில் அடங்கியிருக்கலாம். ஆகவே, காரணத்தைத் தெளிந்துகொள்வது நம் கடமையாகும்.

காணொளி என்பது அசையாத படங்களின் வரிசையே. வினாடிக்கு இத்தனை படம் என்ற வேகத்தில் அவை ஓடும்பொழுது அசைவு தோன்றுகிறது. 1,440 படங்களை வினாடிக்கு 24 வீதம் ஓட்டினால் 60 வினாடி ஆகும். 25 வீதம் ஓட்டினால் 57.6 வினாடியில் முடிந்துவிடும். கவலை இறைக்கும் மாடுகள் விரைந்து நடந்தால் நூறு சால் நீர் விரைவில் இறைபடும். நீரின் அளவு குறைவதில்லை அன்றோ?

பேசும் படங்களுக்கு வினாடிக்கு 24 படம் என்பது வழக்கம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையோ 25 படம் கொண்டது. எனவே, ஒரு மணி நேரப் பழைய படச்சுருளை அம்முறைக்கு வேகம் கூட்டி மாற்றினால், 57 நிமிடம் 36 வினாடியாகிறது. ஒரு படமும் மறையவில்லை. குரல் மட்டும் சற்றே உயர்ந்து ஒலிக்கும். வினாடிக்கு 16 படம் வீதம் எடுத்த ஊமைப்படத்தை 24 வீதம் ஓட்டினால், ஒரு மணி நேரம் 40 நிமிடமாகச் சுருங்கும்.

ஒலிக்கும் இவ்வாறே ஓர் அளவு உண்டு. வினாடிக்கு 44,100 முறை அளந்து பதித்த ஒலியை, 48,000 முறை அளந்ததாகக் கருவி தவறாகக் கொண்டால், ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 55 நிமிடத்தில் முடிந்துவிடும். பேசுபவர் குரலும் கீச்சென மாறும்.

கைப்பேசியில் மற்றொரு சிக்கல் உண்டு. வெளிச்சம் குறைந்தால் பல கைப்பேசிகள் வினாடிக்கு எடுக்கும் படங்களைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு படமும் எந்நேரத்திற்கு உரியது என்ற குறிப்பு கோப்பில் இருக்கும். மாற்றும் மென்பொருள் அக்குறிப்பைப் புறக்கணித்து, எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் அடுக்கினால், படம் முன்னே ஓட, பேச்சு பின்தங்கும்.

சிலவேளை காணொளி சரியாகவே இருக்கும். கோப்பின் தலைப்பிலுள்ள கால அளவு மட்டும் தவறாயிருக்கும். முழுவதும் ஓட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒலி சிறு சிறு கட்டுகளாகப் பதிவதால், இறுதியில் ஒரு வினாடிக்கும் குறைந்த வேறுபாடு தோன்றுவது இயல்பே.

எனினும், உண்மையான இழப்பும் நேர்வதுண்டு. மின்சாரம் தடைப்பட்டுப் பிரதியெடுத்தல் பாதியில் நின்றிருக்கலாம். பழுதுற்ற பகுதியை மென்பொருள் தாண்டிச் சென்றிருக்கலாம். இதனை எங்ஙனம் கண்டறிவது? மூலத்தையும் மாற்றிய பிரதியையும் அருகருகே வைத்து, தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். வேறுபாடு சீராக வளர்ந்து வந்தால் அது வேகத்தின் விளைவு. ஓரிடத்தில் மட்டும் திடீரென்று தாவினால், அங்கே ஒரு பகுதி விடுபட்டிருக்கக்கூடும்.

நண்பர்களே! மூன்று செயல்களை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கால அளவைப் பதிவேட்டில் எழுதுங்கள். பேசுவோரின் உதடும் ஒலியும் இறுதிவரை இசைந்து வருகின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பிரதி கெட்டால் மீண்டும் எடுக்கலாம். மூலம் அழிந்தால் மக்கள் சபையில் உரைத்த சொல்லுக்குச் சான்றே இல்லாமற் போகும். அச்சொல்லைக் காப்பது ஊராட்சிப் பணியின் ஓர் அங்கமே என்று கூறி அமைகிறேன்.