நாற்பதைத் தாண்டியவருக்கும் ஒரு பட்டறை

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே!

நம் ஊர் கீழப்பழுவூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் பழுவேட்டரையரை விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும், பெருமைதான். ஆனால் இன்றைக்கு நமக்குச் சோறு போடுவது மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் எழுந்தன.

ஆலைக்குள் வேலை மாறியதை உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஆள் தூக்கி லாரியில் அடுக்கிய 50 கிலோ மூட்டையை இயந்திரம் அடுக்குகிறது. 1,450 டிகிரியில் எரியும் சூளையை, ஏசி அறையில் திரையைப் பார்த்தபடி ஒருவர் ஓட்டுகிறார். மூட்டை தூக்கியவர் விவரமில்லாதவரா? பெல்ட் எந்தச் சத்தம் போட்டால் அறுந்துபோகும் என்று காதாலேயே சொல்லிவிடுவார்! அந்த அறைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

"புதுசாக ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். எங்கே போய்? 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' நல்ல திட்டம். அது நம் பிள்ளைகளுக்கு. அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்களுக்கு 40 வயதோடு கதவு அடைபடுகிறது. தாய்மார்களே, உங்களுக்கு அங்கே உச்ச வயது கிடையாது. ஜெயங்கொண்டத்தில் 15,000 பேருக்கு வேலை என்று 2024 நவம்பரில் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே எந்தத் தொழில் தெரிந்தவர்களைக் கேட்பார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

நாற்பத்தைந்து வயது அண்ணனுக்கு என்ன வழி? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் ஒரு நிதி இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவர் மறுபடி தொழில் கற்க, முதலாளி 15 நாள் கூலி கட்ட வேண்டும். பதினைந்து நாள் கூலி! மளிகைக் கடை பாக்கிக்கே காணாது. அதுவும் ஆட்குறைப்பு என்று ஏட்டில் ஏறினால்தான். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஏடு ஏது? "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் முடிந்தது.

வேலை போன பிறகு கற்றுக்கொடுக்கிறேன் என்பது, வீடு எரியும்போது கிணறு வெட்டுகிற கதை. வேலையில் இருக்கும்போதே, ஷிப்ட் நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், தமிழில் கற்றுக்கொடுங்கள். காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. பட்டறையை மாலையில் எங்களுக்கும் திறந்துவிடுங்கள். தலைவர் அவர்களே, இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். இந்தக் கூட்டத்திலேயே நிறைவேற்றி, நாளைக்கே மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம்.