பாவையும் குரலும்



கவிதைக்கென அமைந்த இவ்வட்டத்தின் பத்தாண்டு விழாவில் பாவைக்கூத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். பாவை நமக்குப் புதிதன்று. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், அகத்தே நாணமில்லாதவரின் நடமாட்டத்தைக் கயிற்றால் ஆட்டப்பெறும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். ‘நாண்’ அங்கே வெட்கமாகவும் நிற்கிறது, கயிறாகவும் நிற்கிறது. அவ்விரு பொருளையும் மனத்திற்கொண்டு ஜப்பானியப் பாவைகள் இரண்டைக் காண விழைகிறேன். ஒன்று மரத்தாலானது, மற்றொன்று கணிப்பொறிக்குள் பிறந்தது.

ஒசாகா நகரில் 1684-ஆம் ஆண்டு தகெமோதோ கிதாயு என்னும் பாடகர் ஒரு பாவையரங்கைத் தொடங்கினார். பெரும்புலவர் சிகமட்சு அதற்கு நாடகங்கள் யாத்தளித்தார். இன்று புன்ராக்கு என வழங்கும் அக்கலையில் ஒரு பாவையை மூவர் இயக்குகின்றனர். தலையும் வலக்கையும் முதல்வர் பொறுப்பு, இடக்கை இரண்டாமவருடையது, கால்கள் மூன்றாமவருடையவை. காலுக்குப் பத்தாண்டு, இடக்கைக்குப் பத்தாண்டு எனப் பயிற்சிக் காலத்தைச் சொல்வார்கள். நம் வட்டத்தின் வயதில் அவர்கள் இன்னும் கால்களைத்தான் ஆட்டிக்கொண்டிருப்பார்கள்!

குரலோ பாவையின் பின்னிருந்து வருவதில்லை. அரங்கின் வலப்புறத்தே தனி மேடையில், தாயு எனப்பெறும் பாடகர் சாமிசென் என்னும் நரம்பிசைக் கருவி வாசிப்பவருடன் அமர்ந்து, தலைவனுக்கும் தலைவிக்கும் கிழவிக்கும் தாமே குரல் தருகிறார். தொடங்குமுன் பனுவலை இருகையாலும் ஏந்தி உயர்த்தி வணங்குகிறார். இயக்குபவரும் ஒளிவதில்லை, முதல்வர் பெரும்பாலும் முகம் திறந்தே நிற்கிறார். இங்கே கயிறே இல்லை. கயிற்றின் இடத்தில் மனிதரே கண்முன் நிற்கின்றனர். ஆயினும் பாவை அழும்போது அவையும் கலங்குகிறது. மயக்கம் உண்டு, வஞ்சனை இல்லை.

இரண்டாம் பாவையின் பெயர் ஹட்சுனே மிக்கு. 2007 ஆகஸ்டு 31 அன்று சப்போரோ நகர நிறுவனமாகிய கிரிப்டன், யமஹாவின் வோக்கலாய்டு நுட்பத்தைக் கொண்டு வெளியிட்ட மென்பொருள் அது. ஃபுஜிதா சாகி என்னும் குரல் நடிகையின் குரலைத் துணுக்குகளாகப் பதிந்து அமைத்தனர். சொல்லையும் சுரத்தையும் இட்டால் பாடும். தொழில்முறைக் கலைஞரல்லாத இளைஞர் பலர் இதைக் கைக்கொண்டனர். ஒருவர் பாட்டெழுத, வேறொருவர் படம் வரைய, மூன்றாமவர் அதனை ஆடவைத்தார். ஒருவரையொருவர் பார்த்தறியாத மூவர் இணையத்தின் வழியே ஒரு பாவையை இயக்கிய விந்தையை என்னென்பது! மூல ஆசிரியருக்குப் பெயர் சுட்டி நன்றி கூறும் வழக்கமும் அவர்களிடையே வளர்ந்தது.

2012-இல் முதுபெரும் இசையமைப்பாளர் இசாவோ தொமிதா, கவிஞர் மியாசாவா கென்ஜியின் படைப்புலகைப் பொருளாகக் கொண்ட தம் சிம்பொனியில் மிக்குவைப் பாடவைத்தார். அப்போது அவருக்கு எண்பது வயது. இயந்திரத்தின் தாளத்திற்கு மனிதர் ஓடுவதை அவர் விரும்பவில்லை. நடத்துநரின் கைக்கோலைத் தொடர்ந்து மிக்கு பாடவேண்டும் என்றார். அதற்கெனக் கருவியருகே ஓர் இசைக்கலைஞர் அமர்த்தப்பட்டார். புன்ராக்குவின் முதல்வர் மீண்டும் மேடையேறிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இச்செய்தி இன்று நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2024-இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பாடகர்களான ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ.ஆர். ரகுமான் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்றதையும் ஊதியம் அளித்ததையும் அவரே அறிவித்தார். இறந்தவர் குரலை எழுப்பலாமா என்பதில் உங்களுள் கருத்து வேறுபாடு இருக்கும். எனக்கும் முழு மனநிறைவு இல்லை. எனினும் கயிற்றை மறைக்காத செயல் அது.

என் கவலை வேறோரிடத்தில் இருக்கிறது. முன்னோடி ஆய்வாளர்கள் ஊர் ஊராக அலைந்து பதிந்த தாலாட்டும் ஒப்பாரியும் அடங்கிய ஒலிநாடாக்கள் எங்கள் துறையின் அலமாரியில் உள்ளன. அவற்றை எண்முறைக்கு மாற்றும் பேச்சு நடக்கிறது. உறைகளில் ஊர்ப்பெயரும் நாளும் உண்டு; பாடிய பெண்ணின் பெயர் பலவற்றில் இல்லை. நாளை அக்குரல்களுள் ஒன்றைத் துணுக்காக்கி, அவள் பாடாத பாட்டை ஒருவர் பாடவைக்க விரும்பினால், யாரிடம் சென்று ஒப்புதல் கேட்பார்?