இரவைக் காத்த கண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாட்டும் நாடகமும் காத்திருக்கும் இம்மேடையில், போர் விமானத்து ராடாரைப் பற்றிப் பேச முற்பட்டது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஊரை விட்டு வந்து, தொழிற்சாலையையும் ஆய்வுக்கூடத்தையும் அலுவலகத்தையும் நம்பி வாழ்கின்ற குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகளுள் பலர் பொறியியற் கல்வியை நாடுகின்றனர். ஒரு கருவி எவ்வாறு பிறக்கிறது, பிறந்தபின் அது எவரெவர் கைக்குச் செல்கிறது என்பதை அவர்கள் அறிதல் நலம் எனக் கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

மலையடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி கேட்கிறது. கூவியதற்கும் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு மலையின் தொலைவைச் சொல்லிவிடலாம். ஒலிக்குப் பதிலாக ரேடியோ அலையை அனுப்புவதே ராடார். 1935-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள், இங்கிலாந்தில் டாவென்ட்ரி என்னும் ஊருக்கு அருகே, வாட்சன் வாட்டும் ஆர்னால்டு வில்கின்ஸும் ஒரு சோதனை நடத்தினர். வானொலி நிலையத்தின் அலைகள் பறந்து சென்ற விமானம் ஒன்றின்மேல் பட்டுத் திரும்பியதை அவர்கள் கருவி காட்டியது. அதன் பயனாகச் சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் கடற்கரை நெடுக 360 அடி உயரமுள்ள கோபுரங்கள் எழுந்தன.

அப்பொழுதே ஹென்றி டிஸார்டு என்னும் அறிஞர் ஓர் ஐயத்தை எழுப்பினார். பகலில் தோற்ற பகைவன் இரவில் வருவான். இருளில் அவனை எவ்வாறு காண்பது? கரையிலுள்ள கோபுரங்கள் சில மைல் பிழையோடுதான் இடத்தைக் குறிக்கும். இரவில் விமானியின் கண்ணோ சில நூறு கெஜங்களுக்குமேல் எட்டாது. இவ்விடைவெளியை நிரப்பக் கோபுரத்தின் வேலையைச் செய்யும் கருவியை விமானத்துக்குள்ளேயே அடக்க வேண்டும். இப்பணியை வேல்ஸ் நாட்டு இளைஞர் எட்வர்டு போவன் ஏற்றார். 1937-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், வானிலை மிக மோசமாயிருந்த ஒரு நாளில், அவருடைய கருவியைத் தாங்கிய ஆன்சன் விமானம் கடலில் மறைந்திருந்த போர்க்கப்பல்களைக் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்த பின்னும் தொல்லை தீரவில்லை. அலையின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அகல் விளக்கின் ஒளிபோல் அது எத்திசையிலும் பரவியது. கீழ்நோக்கிச் சென்ற அலை நிலத்தில் பட்டுத் திரும்பிப் பிற எதிரொலிகளை அமிழ்த்தியது. ஆகவே விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்ததோ அவ்வளவு தொலைவுவரைதான் கருவிக்குக் கண் தெரியும். 15,000 அடி உயரத்தில் பறந்தால் மூன்று மைலுக்கும் குறைவே. மிக அருகில் வந்தாலும் இடர்தான். அலை ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் 300 மீட்டர் ஓடிவிடுகிறது. கூவி முடிக்கும் முன்னரே எதிரொலி திரும்பிவிட்டால், கேட்பது எங்ஙனம்?

இத்தொல்லைகளோடு போராடிக்கொண்டிருந்தபோதே 1940-ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன்மீது இரவுக் குண்டுவீச்சு தொடங்கிவிட்டது. நவம்பர் 14-ஆம் நாள் இரவு காவென்ட்ரி நகரில் 500-க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். ராடார் ஏந்திய விமானங்கள் அவ்வேளையில் இல்லாமலில்லை. ஜூலைத் திங்களிலேயே பிளென்ஹைம் விமானம் ஒன்று ராடாரின் துணையால் பகை விமானத்தை வீழ்த்தியிருந்தது. ஆயினும் நகரைக் காக்க இயலவில்லை. ஏன்? கருவி இருந்தது, அதனைக் கையாளப் பழகியவர் போதிய அளவில் இல்லை. பகைவனின் அருகில் வழிகாட்டி அழைத்துச் செல்ல நிலத்தில் தக்க ஏற்பாடும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வென்ற கருவி வானில் வெல்வதற்கு இடையே நெடுவழி உண்டு. அவ்வழியின் நீளத்தை உயிர்களே அளந்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குறை நீங்கலாயிற்று. சுழலும் ஏரியல் கொண்ட நில ராடார்கள் அமைந்தன. பகை விமானமும் நம்மவர் விமானமும் ஒரே வட்டத்திரையில் இரு புள்ளிகளாகத் தெரிந்தன. நிலத்திலிருந்தவர் குரலால் விமானியை மூன்று மைலுக்குள் கொண்டுவந்து விடுவார். அதன்பின் போ ஃபைட்டர் விமானத்தில் விமானிக்குப் பின்னே அமர்ந்திருப்பவரின் வேலை தொடங்கும். அவர்முன் இரண்டு சிறு திரைகள். ஒன்று மேல் கீழ் காட்டும், மற்றொன்று இடம் வலம் காட்டும். அவற்றை நோக்கியவாறே அவர் வழிசொல்ல, விமானி கண்ணை மூடிக்கொண்டவன்போல் அக்குரலை நம்பிச் செல்வான். ஜனவரியில் 3 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கிட்ட இரவுப் போர் விமானங்கள், மே திங்களில் 96 எனக் கணக்கிட்டன.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. ஜான் கன்னிங்ஹாம் என்னும் விமானி இரவில் பல வெற்றிகள் பெற்றார். ராடாரின் மறைபொருள் வெளிப்படாதிருக்க, அவர் காரட் கிழங்கு மிகுதியாக உண்பதால் இருளிலும் கண் தெரிகிறது எனக் கதை பரப்பினர். குழந்தைகளுக்குக் காரட் ஊட்டும் தாய்மார்கள் இன்றும் இக்கதையின் ஒரு பகுதியைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர்! புகழ் காரட்டுக்கும் விமானிக்கும் சென்றது; பின்னாலிருந்து வழிசொன்னவரை உலகம் அறியவில்லை.

1940-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் மாக்னட்ரான் என்னும் செப்புக்கட்டியை இயக்கிக் காட்டினர். அது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளைப் பெரும் ஆற்றலுடன் தந்தது. அலை குறுகினால் சிறிய கிண்ண ஏரியலே போதும். அகல் விளக்கு டார்ச் விளக்காயிற்று. நிலத்தில் பட்டுத் திரும்பும் அலையின் தொல்லை பெரிதும் குறைந்தது. அவ்வாண்டே போவன் அதனை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்.

பெரியோர்களே, இனிச் சொல்வது கசப்பானது. ஜெர்மானியரும் தம் நகரங்களைக் காக்க விமான ராடார் செய்தனர். 1943-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் இரவு, ஹாம்பர்க் நகரை நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் விமானங்கள் உலோகத் தாள்களைத் துண்டு துண்டாக வானில் தூவின. காவல் ராடார்களின் திரைகள் பொய்ப்புள்ளிகளால் நிறைந்தன. பகைவரும் கற்றுக்கொள்வரே என அஞ்சி அத்தந்திரத்தை அதுவரை கையாளாமல் வைத்திருந்தவர்கள், அன்று துணிந்தனர். அந்த நாட்களில் அந்நகரில் பல்லாயிரம் மக்கள் எரிந்து மாண்டனர். உறங்கும் மக்களைக் காக்க ஓரிடத்தில் கண்ணைத் திறந்த அறிவு, வேறோரிடத்தில் உறங்கும் மக்களின் காவற்கண்ணைக் குருடாக்கியது. இரண்டும் ஒரே அறிவுதான்.

போர் முடியும் முன்னரே போவன் ஆஸ்திரேலியா சென்றார். 1961-இல் பார்க்ஸ் என்னுமிடத்தில் விண்மீன்களின் அலைகளைக் கேட்கும் மாபெருந் தொலைநோக்கி எழக் காரணமாயிருந்தார். மாக்னட்ரானோ, மைக்ரோவேவ் அடுப்பாக நம் சமையலறைக்கே வந்துவிட்டது. விமான ராடாரும் வளர்ந்தது. அசையும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் மாற்றத்தைக் கொண்டு, நிலத்தை ஒட்டிப் பறக்கும் விமானத்தையும் பிரித்தறிகிறது. கிண்ணம் சுழல வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான சிறு அலைபரப்பிகள் ஒன்றுசேர்ந்து கதிரைத் திருப்புகின்றன. பெங்களூரிலுள்ள பாதுகாப்பு ஆய்வகம் 'உத்தம்' என்னும் அத்தகைய ராடாரை உருவாக்கித் தேஜஸ் விமானத்தில் ஏற்றிச் சோதித்துள்ளது.

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் ஒருவன், ஒருத்தி, நாளை அத்தகைய ஆய்வுக்கூடத்தில் அமரக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இரண்டே. கருவியைச் செய்வதோடு வேலை முடிந்ததென்று எண்ணாதீர். அதனைக் கையாளுவோரைப் பழக்கும்வரை அது பாதிக் கருவியே. மற்றொன்று, நீங்கள் திறக்கும் கண் எவரைக் காக்கிறது, எவரைக் காவாது விடுகிறது என்பதை ஒருநாளும் கேளாதிராதீர்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!