கன்றீனுமுன் பசுவுக்கு உணவூட்டல்



நெல்லும் காய்கறியும் பயிரிடும் உங்களுட் பலர் இரண்டொரு பசுக்களையேனும் வைத்திருக்கின்றீர்கள். அவற்றுட் பல நாட்டுப் பசுக்கள். அவை கறக்கும் பால் சொற்பம். அவற்றால் வரும் உண்மையான வருவாய் அவை ஈனும் கன்றேயாகும். கன்று திடமாகப் பிறந்து வளர்ந்தால் இலாபம் உண்டு. கன்று இறந்துபோனாலோ, பசு மறுபடி சினைப்படாது நின்றுவிட்டாலோ, ஓராண்டு முழுவதும் இட்ட தீனும் பட்ட பாடும் வீணாகும். இவ்விரண்டில் எது நிகழும் என்பது பெரும்பாலும் கன்றீனுவதற்கு முந்திய மூன்று மாதங்களில் நாம் கொடுக்கும் உணவைப் பொறுத்தது. ஆகையால் அம்மூன்று மாதங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

பசு ஏறக்குறைய 283 நாட்கள் சினையாய் இருக்கின்றது. முதல் ஆறு மாதங்களிற் கரு மெதுவாகவே வளர்கின்றது. பிறக்கும்போது கன்றுக்குள்ள எடையில் மூன்றில் இரு பங்கு கடைசி மூன்று மாதங்களிலேயே சேருகின்றது. அதே காலத்தில் மடியும் பால் சுரப்பதற்கு ஆயத்தமாகின்றது. தேவை இவ்வாறு பெருகும் வேளையில், வளரும் கரு இரைப்பையை நெருக்குவதனால், பசு தின்னக்கூடிய அளவு குறைந்துவிடுகின்றது. எனவே வயிறு நிறைய எதையாவது போட்டால் போதாது. கொஞ்சமாகத் தின்றாலும் சத்து நிறைந்ததாய் அது இருத்தல் வேண்டும்.

எமது உலர் வலயத்தில் இன்னுமொரு கஷ்டம் உண்டு. மாரி மழையால் புல் செழித்திருக்கும் தை மாதத்திற் சினைப்பட்ட பசு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் கன்றீனும். அப்படியாயின் அதன் கடைசி மூன்று மாதங்கள் ஆவணி, புரட்டாதி, ஐப்பசியை ஒட்டி வருகின்றன. மேய்ச்சற்றரை காய்ந்து, குளம் வற்றிக் கிடக்கும் காலம் அதுவே. பசுவுக்கு அதிகம் தேவைப்படும்போது நிலத்தில் ஒன்றும் இல்லை. இந்தக் குறையை நிரப்புவது மாட்டுக்காரனின் கடமை.

"வைக்கோல் போடுகின்றோமே" என்று நீங்கள் சொல்லக்கூடும். வைக்கோல் நல்லதுதான், ஆயினும் அது மட்டும் போதாது. அதில் நூற்றுக்கு 4 பங்கு அளவே புரதம் உண்டு. இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைச் சமிக்கச் செய்வதற்குத் தீனில் நூற்றுக்கு 7 பங்கேனும் புரதம் வேண்டும்; நிறைசினைப் பசுவுக்கோ 8 அல்லது 9 பங்கு வேண்டும். வைக்கோலை மட்டும் தின்னும் பசு வயிறு புடைத்து நின்றாலும் உள்ளே பட்டினி கிடக்கின்றது. அன்றியும், காய்ந்த வைக்கோலில் விற்றமின் ஏ இல்லை. அது குறைந்தாற் கன்று நலிந்தோ கண் பார்வையின்றியோ பிறக்கலாம். இளங்கொடி விழாது தங்கவும் கூடும்.

சினைப்பசுவுக்கு நன்றாகத் தீன் கொடுத்தாற் கன்று பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று எண்ணி, வேண்டுமென்றே தீனைக் குறைப்பாரும் உளர். இது தவறான எண்ணம். பட்டினி போட்டாற் கன்றின் எடை சற்றுக் குறையலாம். அதனாற் பிரசவக் கஷ்டம் குறைவதில்லை. மாறாக, கன்றை வெளியே தள்ள வலுவின்றித் தாய் தளர்கின்றது. பிறந்த கன்று எழுந்து பால் குடிக்க இயலாது கிடக்கின்றது. அளவுக்கு மிஞ்சிக் கொழுத்த பசுவுக்கும் பிரசவம் கஷ்டமே என்பது உண்மை. ஆனால் வறட்சிக் காலத்தில் எமது பட்டிகளிற் கொழுத்த பசுவைக் காண்பது அரிது.

சினை ஆறு மாதமானதும் உங்கள் பசுவைப் பக்கவாட்டில் நின்று கவனித்துப் பாருங்கள். கடைசி இரண்டொரு விலா எலும்புகள் மட்டும் இலேசாகத் தெரிந்தால் நல்ல நிலை. விலா எலும்புகள் எல்லாம் எண்ணக்கூடியனவாய், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி நின்றால் அது மெலிந்த பசு. மெலிந்ததைத் தேற்றுவதற்கு இதுவே தக்க தருணம். கன்றீன்றபின் தின்பதெல்லாம் பாலாகப் போய்விடுமாதலால், அப்பொழுது சதை பிடிப்பது மிகக் கடினம். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமாயின், பசு ஈன்று ஏறக்குறைய 80 நாட்களுக்குள் மறுபடி சினைப்பட வேண்டும். மெலிந்து ஈன்ற பசு அந்நாட்களுக்குள் பருவத்துக்கு வராது.

இனி, என்ன கொடுப்பது என்று பார்ப்போம். சுமார் 200 கிலோ எடையுள்ள நாட்டுப் பசுவுக்கு நாளொன்றுக்கு வைக்கோல் 3 கிலோ, பச்சைக் கிளிறிசிடியா இலை 4 கிலோ, அரிசித் தவிடு அரைக் கிலோ என்பது நல்ல அளவு. மெலிந்த பசுவுக்கும், முதற் கன்று ஈனவிருக்கும் நாகுக்கும் இவற்றோடு தேங்காய்ப் பிண்ணாக்கு அரைக் கிலோ சேர்க்க வேண்டும். நாகு தானும் வளர்ந்துகொண்டே கன்றையும் வளர்க்கின்றது. பெரிய பசுக்கள் அதனைத் தொட்டியிலிருந்து முட்டித் துரத்திவிடும். ஆதலால் அதற்குத் தனியே தீன் வைத்தல் நன்று. பசு பெரிதாயின் இவ்வளவுகளை எடைக்கேற்பக் கூட்டுக. புதிய தீனை ஒரே நாளில் மாற்றாது, ஒரு வாரத்திற் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

இவற்றுட் பெரும்பகுதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வைக்கோல் உங்கள் வயலில் உண்டு. சிறுபோக அறுவடை முடிந்ததும் அதனைக் கொளுத்தாது போராகக் குவித்து வையுங்கள். கிளிறிசிடியா உங்கள் வேலியில் நிற்கின்றது. அதன் இலை வாட்டத்தையும் ஓரளவு தாங்கும்; உலர்நிறையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற் புரதம் உள்ளது. அதன் மணத்தை முதலில் விரும்பாத மாடுகளுக்குச் சற்று வாடவிட்டுத் தவிடு தூவிக் கொடுத்தால் விரைவிற் பழகிவிடும். அகத்தியும் முள்முருக்கும் இருந்தால் அவையும் உகந்தவையே.

வைக்கோலின் சத்தைக் கூட்டுவதற்கு யூரியாவாற் பதப்படுத்தும் முறையும் உண்டு. இதனைக் குறித்து இந்நாட்டில் 1980ஆம் ஆண்டுகளில் ஆய்வுகள் நடைபெற்றன. 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்து, 100 கிலோ வைக்கோல் மீது அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாதபடி பொலித்தீனால் மூடுங்கள். பத்து நாட்களின் பின் தேவையான அளவை எடுத்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டுக் கொடுக்கலாம். யூரியா கரைத்த நீரைப் பசு குடிக்க நேர்ந்தால் அது இறந்துவிடும். ஆகையால் வாளியையும் உரப் பையையும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இவ்வைக்கோலைக் கொடுத்தலாகாது.

காய்கறித் தோட்டக் கழிவுகளைக் கொடுக்கும்போது கவனம் தேவை. அண்மையிற் பூச்சிகொல்லி தெளித்த இலைகளைக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் வெங்காயத் தாளும் மிகுதியாகத் தின்ற மாட்டின் இரத்தம் கெட்டுச் சோகை உண்டாகும். மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடாது வாடவிட்டே கொடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் வேண்டாம்.

உப்பையும் நீரையும் மறக்கலாகாது. நாளொன்றுக்கு ஒரு பிடி தாதுப்பும் கறியுப்பும் கலந்த கலவை, அதாவது 30 கிராம் வரை, தவிட்டோடு சேர்த்தால் போதும். வெயிற் காலத்திற் பசு நாளுக்கு 30 லீற்றருக்கு மேலும் நீர் குடிக்கும். நீர் குறைந்தால் தீனும் குறையும். ஆகவே நிழலில் தொட்டி நிறைய நல்ல நீர் எந்நேரமும் இருக்கட்டும். முன்னைய கன்றுக்குப் பால் கறந்துகொண்டிருப்பவர்கள், கன்றீனுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னரே கறப்பதை நிறுத்திவிட வேண்டும்.

இவ்வாறு ஊட்டிய தீனின் பயன் கன்று பிறந்த முதல் நாளிலேயே தெரியும். நோயை எதிர்க்கும் சக்தி கருப்பையில் இருக்கும்போது கன்றுக்குச் சேர்வதில்லை. அது கடும்புப் பாலின் வழியாகவே வருகின்றது. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் கன்று அதனைக் குடித்தாக வேண்டும். ஒரு நாள் கழிந்தால் அச்சக்தியை அதன் குடல் ஏற்றுக்கொள்ளாது. 20 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் 2 லீற்றராவது சேர வேண்டும். கடும்பு எமக்கும் சுவையான பண்டமே. எனினும் கன்று வயிறாரக் குடித்தபின் மிஞ்சியதே நமது பங்கு.

கமக்காரர்களே, விதைநெல்லை எவரும் பஞ்ச காலத்திலும் சமைத்து உண்ணார். சினைப்பசுவின் உடலிலுள்ள சதையும் அத்தகையதே. அதனைக் கரைய விட்டால் இவ்வாண்டுக் கன்றும் அடுத்த ஆண்டுக் கன்றும் ஒருங்கே நட்டமாகும். இன்று மாலை பட்டிக்குச் சென்று, எந்தப் பசு எத்தனை மாதச் சினை என்பதைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். ஐயமிருப்பின் உங்கள் பகுதி மிருக வைத்தியரைக் கொண்டு சினைப் பரிசோதனை செய்வியுங்கள். ஆறு மாதம் கடந்தவற்றுக்கு நாளைக் காலையிலிருந்தே வேலிக் கிளிறிசிடியாவில் ஒரு கட்டு வெட்டிப் போடத் தொடங்குங்கள்.