நம் வாலிபர்களும் தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுச் செலவும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



முன்னாளில் நம் சமூகத்தில் படித்த பிள்ளைகள் இல்லையே என்று பெரியோர் வருந்தினர். இந்நாளில் அவ்வருத்தம் நீங்கிற்று. என்ஜினீயரிங் பட்டம் பெற்றோர் பலர் நம் வீடுகளில் உளர். ஆயினும் பட்டம் கைக்கு வந்ததும் அவர்கள் உத்தியோகந் தேடிப் பெங்களூருக்கும் சென்னைக்கும் இறங்கிவிடுகின்றனர். மலையில் எஞ்சுவோர் முதியோரே. பிழைப்பை நாடிச் செல்வதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. இம்மலையில் அவர்தம் படிப்புக்கு வேலை இல்லையென்ற எண்ணம் சரிதானா என்பதையே ஆராய விரும்புகின்றோம்.

1932-ம் வருஷத்தில் பைக்காரா நீர் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தினின்றும் விழுந்து மின்சாரமாயிற்று. அம்மின்சாரத்தால் கோயமுத்தூரில் பஞ்சாலைகள் பெருகின. நீர் நம் மலையினது. அதனைத் தொழிலாக்கும் வகை அறிந்தோரோ சமவெளியார். சக்தி ஓரிடத்தில் உண்டாவதால் மட்டும் செல்வம் அங்கே தங்குவதில்லையென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று நம் கண்முன் உள்ள சக்தி விஷயம் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பே. பச்சைத் தேயிலையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை நீர். விற்பனைக்குரிய தூளில் ஏறக்குறைய 3 பங்கே நீர். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை வேண்டும். வாட்டும்போது சிறிது நீர் போக, எஞ்சியதில் ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ நீரை அடுப்பின் வெப்பமே போக்கவேண்டும். அப்போதுதான் வெட்டிய விறகின் எடையிலோ பாதி நீராகவே இருக்கக்கூடும். அதனை அப்படியே எரித்தால், இலையை உலர்த்துமுன் விறகையே உலர்த்தச் செலவு செய்கின்றோம். அச்செலவு முடிவில் யார் தலையில் விழுகின்றது? இலைக்குக் கிடைக்கும் விலையில் குறைந்து, சிறு விவசாயியின் தலையிலேதான்.

2008-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டமும் தேயிலை வாரியமும் சேர்ந்து, தென்னிந்தியச் சிறு தேயிலைத் தொழிற்சாலைகளில் எரிசக்தியைச் சிக்கனம் செய்யும் முயற்சியைத் தொடங்கின. அது நன்முயற்சியே. ஆனால் எந்தத் திட்டத்துக்கும் காலவரை உண்டு. அதன்பின் அடுப்பருகே நின்று அளந்து பார்ப்பவர் மலையிலேயே வாழ்பவராயிருத்தல் வேண்டும்.

படிப்பையும் தொழிலையும் இணைப்பது புதுமையன்று. 1926-ம் வருஷத்தில் பீளமேட்டில் பூ. சா. கோ. குடும்பத்தார் தரும ஸ்தாபனமும் தொழிற்சாலையும் அமைத்தனர். 1951-ல் ஏற்பட்ட அவர்களது என்ஜினீயரிங் கல்லூரி அத்தொழிற்சாலையின் அருகிலேயே வளர்ந்தது. நம் காலத்திலோ, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்னும் இரு வாலிபர் 2013-ல் ஏத்தர் கம்பெனியை நிறுவினர். மின்கல அடுக்குகளைச் செய்யும் எண்ணத்துடன் தொடங்கியவர், பின்னர் மின்சார ஸ்கூட்டரையே செய்யலாயினர். ஆராய்ச்சியால் மட்டும் அது கைகூடவில்லை. வாங்குவோர் யார், முதல் எங்கே என்ற கேள்விகளுக்கும் அவர்கள் விடை தேடினர்.

நம் கேத்தியிலேயே 1998 முதல் என்ஜினீயரிங் கல்லூரி இருக்கின்றது. கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் தனியார் தொழிற்சாலைகளும் சுற்றிலும் உள்ளன. ஆகவே மூன்று யோசனைகளை இச்சபையின்முன் வைக்கின்றோம்.

முதலாவது: சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெறும் என்ஜினீயரிங் மாணவரும் மாணவியரும் பட்டப்படிப்பு முடியுமுன் ஒரு பருவமேனும் நம்மவர் தொழிற்சாலையில் தங்கி, விறகின் எடை, ஈரம், சூடான காற்றின் உஷ்ணம், மின்சார யூனிட் ஆகியவற்றை நாடோறும் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது: அக்குறிப்போடு வரவு செலவுக் கணக்கையும் எழுதப் பழகல் வேண்டும். விறகுக்குக் கூரை போட்டு உலர்த்த எவ்வளவு ஆகும்? புகைபோக்கியில் வீணாகும் வெப்பத்தை மீட்க என்ன செலவு? எத்தனை மாதத்தில் அது திரும்பும்? இவ்விடைகள் இல்லாத ஆராய்ச்சி மார்க்குக்காக எழுதப்பட்டு அலமாரியில் உறங்கும். இவ்விடைகளோடு கூடியதோ பாங்கிக்காரர் முன் வைக்கத் தகும். அதுவே ஒரு தொழிலின் வித்து.

மூன்றாவது: தொழிற்சாலை வைத்துள்ள அங்கத்தினர் தம் கதவைத் திறப்பதோடு கணக்குப் புஸ்தகத்தையும் திறந்து காட்டல் வேண்டும். இதுவே கடினம் என்பதை அறிவோம். ஆயினும் கணக்கை மறைத்துவிட்டுச் செலவைக் குறைக்கச் சொல்வது, நோயை மறைத்துவிட்டு மருந்து கேட்பது போலாம். தேறிய இளைஞருக்குச் சங்கம் சிறு முதலைத் தானமாகவன்றிக் கடனாகவே கொடுக்கட்டும். திருப்பித் தரும் பொறுப்பும் ஒரு கல்வியே.

தொடங்குவோர் எல்லாரும் வெற்றி பெறுவர் என்று நாம் சொல்லவில்லை. பத்துப் பேரில் ஒருவர் நிலைத்தாலும், அவரால் பல குடும்பத்து இலைக்கு நல்ல விலை கிடைக்க வழியுண்டு. மற்றவரும் அளக்கவும் கணக்கிடவும் கற்றவராவர். பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்; அப்படிப்பு மலையில் நிற்பதற்கு ஓர் இடமும் செய்து கொடுப்போமாக.