குறைந்த செலவில் நிறைந்த உணவு

(மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சிக்கனமாகச் சமைத்து வயிறாரவும் சுவையாகவும் உண்பது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நாள்தோறும் அடுப்படியில் நிற்கும் உங்கள் முன்னிலையில் ஓர் அலுவலன் இப்பொருள் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் துணிந்து வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்றதொரு கூட்டத்தில் சத்துணவு பற்றி நெடுநேரம் பேசினேன். கேரட், ஆப்பிள், பாதாம் என அடுக்கிக்கொண்டே போனேன். முடிவில் ஒரு மூதாட்டியார் எழுந்து, "ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் டவுனில் இருக்கிறது, எங்கள் வீட்டில் இருப்பதை வைத்து ஒன்றும் சொல்லவில்லையே!" என்றார். நான் தலை குனிந்தேன். பின்னர் அவர் இல்லத்திற்குச் சென்றேன். கொல்லையில் முருங்கை தழைத்து நின்றது. பானையில் கேழ்வரகும், மூலையில் நிலக்கடலையும் இருந்தன. ஆயின், பேரப் பிள்ளைகளின் கையில் இருந்ததோ கடையில் வாங்கிய பொட்டலத் தின்பண்டம்! ஆதலின், அன்று அவ்வீட்டில் கண்ட பொருள்களைக் கொண்டே இன்று பேச விரும்புகிறேன்.

முதலாவது, நியாய விலைக் கடைப் பொருள்கள். 2011-ஆம் ஆண்டு முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. அரிசியில் குறைவாக உள்ள ஒரு புரதக்கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைந்தது அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. வெறுஞ்சோற்றை மிகுதியாக உண்பதினும், சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பைச் சற்றுக் கூட்டுவதே நலம்.

ஐவர் உள்ள குடும்பத்தின் இரவு உணவிற்கு ஒரு வழி சொல்லுகிறேன். இரண்டு டம்ளர் புழுங்கலரிசியையும் ஒரு டம்ளர் துவரம்பருப்பையும் காய்ந்த மிளகாயுடன் மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கரகரப்பாக அரையுங்கள். உப்பு, பெருங்காயம், நறுக்கிய வெங்காயம், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கலந்து அடையாக வார்த்துவிடுங்கள். தனியாகக் குழம்பு வேண்டுவதில்லை. ஒரு துவையல் போதும்.

இரண்டாவது, கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியிலோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காலையில் கூழும் மோரும் சின்ன வெங்காயமும் உண்டு வேலைக்குச் சென்ற நம் முன்னோர் வழக்கத்தை ஏழ்மையின் அடையாளமாகக் கருதிக் கைவிட்டோம். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. உலகமே போற்றும் பொருளைப் பானையில் வைத்துக்கொண்டு நாம் நாணுவானேன்?

இனி, இனிப்புப் பண்டம். பிள்ளைகள் கேட்பது குற்றமன்று. வீட்டில் கிடைக்காததால்தான் கடைக்கு ஓடுகிறார்கள். நம் வட மாவட்டங்களில் வழங்கும் சிமிலி உருண்டையை எத்தனை பேர் இன்று செய்கிறீர்கள்? இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவைச் சிறிது உப்பும் வெந்நீரும் விட்டுப் பிசைந்து, அடையாகத் தட்டி, இருபுறமும் நன்றாக வேகவிடுங்கள். சூடு ஆறுமுன் பிய்த்து, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு டம்ளரும், பொடித்த வெல்லம் முக்கால் டம்ளரும் சேர்த்து இடித்து உருட்டுங்கள். கடலையின் எண்ணெயே பிடிப்பைத் தரும், நெய் வேண்டா. ஈரப்பதம் உள்ள பண்டமாதலால் ஓரிரு நாளில் உண்டு தீர்க்க வேண்டும்.

விழா நாளில் பாசிப்பருப்புப் பாயசம் வைக்கலாம். பருப்பை வாசம் வர வறுத்து, குழைய வேகவைத்த பிறகே வெல்லக் கரைசலை வடிகட்டிச் சேர்க்க வேண்டும்; முன்னரே சேர்த்தால் பருப்பு வேகாது. அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேங்காய்ப்பால் விட்டால் திரியாது. முந்திரிக்கு மாறாக வறுத்த கடலைத் துண்டுகளைத் தூவலாம். வெல்லமும் சர்க்கரையைப் போல் அளவோடு உண்ண வேண்டியதே என்பதை மறவாதீர்கள்.

எரிபொருளும் செலவுதானே? பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பாத்திரத்தை மூடி, கொதி வந்ததும் தீயைத் தணியுங்கள். காய்களைக் கழுவிய பின் நறுக்குங்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் மோரும் உப்பும் கலந்து பருகுங்கள்.

இனி நான் சொல்லப்போவதே இவ்வுரையின் முதன்மையான செய்தி. 1956-ஆம் ஆண்டில் பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிவடைந்தது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கிடைக்கிறது. வீட்டில் சமைக்கும் தாய்க்கு எது கிடைக்கிறது? எல்லார்க்கும் பரிமாறிய பின் அடிச்சட்டியில் எஞ்சிய குழம்பும் சோறும் அல்லவா? 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தச்சோகை இருப்பதாகக் காட்டியது. சிக்கனம் என்ற பெயரால் தாயின் பங்கைக் குறைப்பது சிக்கனமன்று; நாளைய மருத்துவச் செலவிற்கு இன்றே இடும் வித்து.

ஆகவே, அடையானாலும் பாயசமானாலும், சமைத்தவரின் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள். இயன்றால் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணுங்கள். கீரையுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் அதன் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பருகுங்கள். இரத்தச்சோகை உள்ளவர்களும் கருவுற்ற தாய்மார்களும் உணவொன்றையே நம்பியிராது, சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ள வேண்டும்.

பின்வரிசையில் நிற்கும் ஆடவர்க்கும் ஒரு சொல். இன்றிரவு உண்ண அமருமுன், "உனக்கு இருக்கிறதா?" என்று ஒருமுறை சட்டியைப் பார்த்துக் கேளுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் வீட்டுப் பொருளால் செய்த ஒரு பண்டம் கொண்டு வாருங்கள். அன்று எனக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.