பில்லின் அடியில் ஒரு வரி



நீதிமன்றத்தின் அதிகார வரம்பைப் பற்றிப் பேசுவதற்குக் கொங்கு நாட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கோவை மோட்டாரும் திருப்பூர் பனியனும் கரூர்ப் படுக்கை விரிப்பும் உள்ளூரில் விற்றுத் தீர்பவை அல்ல. சரக்கு டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் நியூயார்க்குக்கும் போகிறது. பணம் அங்கிருந்து வர வேண்டும். வராதபோது வழக்கை எந்த ஊரில் போடுவது? யார் பக்கம் நியாயம் என்பது அதற்குப் பிறகுதான். முதல் கேள்வியிலேயே கையிருப்பும் பொறுமையும் தீர்ந்து, இரண்டாவதை எட்டாமலே பலர் சமாதானமாகிப் போகிறார்கள். இந்தக் கருத்தரங்கு அவர்களை மனத்தில் வைத்து நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நம் ஊர் பில் எதை எடுத்தாலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: தகராறு எழுந்தால் கோயம்புத்தூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது. பழைய பில்லைப் பார்த்து அச்சகத்தில் அப்படியே கோத்துவிடும் வரி அது. அந்த வரிக்கு என்ன வலு என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது நம் பக்கத்துச் சேலத்து வழக்கில்.

1974 அக்டோபரில் சேலத்து ஏ.பி. ஏஜென்சீஸ், குஜராத்தின் ஏ.பி.சி. லாமினார்ட் நிறுவனத்தோடு ஜரிகை நூலுக்கு ஒப்பந்தம் போட்டது. பாபின் ஒன்று 35 ரூபாய், மொத்தம் 5,000 பாபின். தகராறு வந்தால் குஜராத்தின் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று 11ஆவது நிபந்தனை சொன்னது. தகராறு வந்தது. முன்பணத்தின் பாக்கியையும் நஷ்டஈட்டையும் கேட்டுச் சேலத்தார் 1975இல் தம் ஊர்ச் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். இங்கே விசாரிக்க அதிகாரமில்லை என்றது அந்த நீதிமன்றம். உண்டு என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1989இல் உச்ச நீதிமன்றம் சேலத்தார் பக்கம் நின்றது: கைராவில் ‘மட்டும்’ என்று நிபந்தனை சொல்லவில்லை, ஆகவே வழக்கு மூலத்தின் (வழக்குக்குக் காரணமான நிகழ்வின்) ஒரு பகுதி எழுந்த சேலத்தின் அதிகாரம் பறிபோகவில்லை.

எந்த ஊரில் விசாரிப்பது என்று தீர்மானிக்க மட்டும் 14 ஆண்டுகள். வழக்கின் உள்விவகாரம் அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். இதைப் பாடமாக நடத்தும்போது ‘மட்டும்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறோம். அந்த 14 ஆண்டுகளையும் சேர்த்து நடத்துங்கள் என்று சட்டக்கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடிப்படை விதிகள் சிக்கலானவை அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி நிலத் தகராறு நிலம் இருக்கும் இடத்துக்கே போகும். 20ஆவது பிரிவின்படி பணத் தகராறு, பிரதிவாதி வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ வழக்கு மூலம் எழுந்த இடத்திலோ நடக்கலாம். தகுதியுள்ள இரண்டு நீதிமன்றங்களில் ஒன்றைக் கட்சிகள் ஒப்பந்தத்தால் தேர்ந்துகொள்ளலாம். தகுதியே இல்லாத நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் தர முடியாது. இது 1971இல் ஹக்கம் சிங் வழக்கில் உறுதியானது. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரியின் வழக்கிலும் இதே விதிதான் வந்தது; லாரி நிறுவனம் பம்பாய் நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்று ரசீதைக் காட்டியது. சரக்கை வாங்கிய ஊரிலேயே உங்களுக்குக் கிளை இருக்கிறதே என்று 1991இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. ஆனால் 2013இல் ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில் காற்று திசை மாறியது. ‘மட்டும்’ என்ற சொல் தேவையில்லை, ஓர் ஊரைக் குறிப்பிட்டாலே மற்ற ஊர்களை விலக்கியதாகக் கொள்ளலாம் என்று தீர்ப்பானது. சேலத்து வழக்கு இன்று தொடுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் கைராவுக்குத்தான் போயிருக்கும்.

காசோலை வழக்கில் ஊர் விட்டு ஊர் போய் வழக்காடும் வலியை நம் வியாபாரிகள் நேராகவே பட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று தஷ்ரத் ரூப்சிங் ரத்தோட் வழக்கில், செக் கொடுத்தவரின் வங்கி எங்கே இருக்கிறதோ அங்கேதான் புகார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லிக் கடைக்காரர் தந்த செக் திரும்பி வந்தால் திருப்பூர்க்காரர் டெல்லிக்கு வாய்தாவுக்குப் போக வேண்டும். செக்கின் தொகையை ரயில் கட்டணமும் வக்கீல் கட்டணமும் தின்றுவிடும். 2015இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, செக்கைத் தன் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை உள்ள இடத்துக்கே வழக்கைத் திருப்பியது. அந்தத் திருத்தத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

இனி அமெரிக்கா. நம் பின்னலாடைக்கு அது பெரிய சந்தை; அதன் நீதிமன்ற அமைப்பு நம்முடையதிலிருந்து அடியோடு வேறு. நமக்கு முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. அங்கே 50 மாநிலங்களுக்கும் தனித்தனி ஏணி; பக்கத்தில் கூட்டாட்சிக்கென்று 94 மாவட்ட நீதிமன்றங்களும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் கொண்ட இன்னொரு ஏணி. வெளிநாட்டுக் கம்பெனி, தொகை 75,000 டாலருக்கு மேல் என்றால், மாநிலச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கையும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுக்கலாம். வெளியூர்க்காரனை உள்ளூர் நீதிமன்றம் எப்போது இழுக்கலாம் என்பதற்கு 1945ஆம் ஆண்டின் இன்டர்நேஷனல் ஷூ வழக்கு வழி சொன்னது. அந்தக் கம்பெனிக்கு வாஷிங்டன் மாநிலத்தில் அலுவலகம் கிடையாது. விற்பனையாளர்கள் ஜோடியில் ஒரு செருப்பை மட்டும் மாதிரிக்கு எடுத்துப்போய் ஆர்டர் பிடித்தார்கள். அந்தத் தொடர்பே போதும் என்றது தீர்ப்பு. ஆர்டர் பிடிக்கச் சாம்பிள் அனுப்பும் நம் ஏற்றுமதியாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பொடி எழுத்து விஷயத்தில் அமெரிக்கா நம்மைவிடக் கடுமை. உல்லாசக் கப்பலில் வழுக்கி விழுந்த வாஷிங்டன் மாநிலப் பெண்ணை, டிக்கெட்டில் அச்சிட்டிருக்கிறது, ஃபுளோரிடாவுக்குப் போய் வழக்காடு என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பேரம் பேச இடமே இல்லாதவர்மீது ஏற்றப்பட்ட நிபந்தனையைச் சம்மதம் என்று எண்ணுவது நியாயமாக எனக்குப் படவில்லை. இதே அளவுகோலை நம் பில்லுக்கும் வைத்தாக வேண்டும். கோவை மோட்டாரை வாங்கிய ஒடிசாக் கடைக்காரருக்கு, நாம் அச்சடித்த வரி அதே சுமையைத்தான் தருகிறது.

அமெரிக்காவில் ஜெயித்தாலும் தோற்றாலும் கதை முடிவதில்லை. பிரிட்டன், சிங்கப்பூர் தீர்ப்பாணைகளை நம் மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். 2020இல் ஐக்கிய அரபு அமீரகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்கா அதில் இல்லை. அமெரிக்கத் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக ஒரு வழக்கே தொடுக்க வேண்டும், அதுவும் 3 ஆண்டுகளுக்குள்.

வாசிக்கப்போகும் கட்டுரைகளிடம் எனக்கு மூன்று எதிர்பார்ப்புகள் உண்டு. ஆர்டரை வாட்ஸ்அப்பில் உறுதி செய்துவிட்டுச் சரக்கோடு பிறகு போகும் பில்லின் வரி ஒப்பந்தமாகுமா? ஜாப் ஒர்க் செய்யும் சோமனூர் விசைத்தறிக்காரரை, அவர் படிக்காமல் கையெழுத்திட்ட படிவம் மும்பைக்கு இழுக்கலாமா? 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறுகளுக்கென்று தனி நீதிமன்றம் வந்த பிறகு, வரம்பு பற்றிய முதல்நிலை வாதங்கள் விரைவாக முடிகின்றனவா? கடைசிக் கேள்விக்கு நூலகத்தில் விடை கிடைக்காது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நீதிமன்றங்களின் கட்டுகளைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இளம் ஆய்வாளர்கள் அந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், அனுமதி பெறுவதற்கு மூத்த வழக்கறிஞர்கள் துணை நிற்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.